பட்டாவும் இல்லை, சிபிலும் இல்லை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் வங்கியில் போய்க் கடன் கேட்டால், எதற்குக் கடன் என்று கேட்பதற்கு முன்னால் பட்டா இருக்கா என்று கேட்பார்கள். இருக்கிறவர்கள் குறைவு. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக இருந்த பகுதி இது. 1969-ல் அதற்கென்று ஓர் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் 17-வது பிரிவு, குத்தகைக்கு விட்ட தோட்ட நிலங்களை என்ன செய்வது என்று சொல்ல வந்தது. அது வழக்குகளில் போய் மாட்டிக்கொண்டது. அந்த நிலத்தில் வீடு கட்டி, தேயிலை நட்டு, பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட "நாங்க செக்‌ஷன் 17-ல இருக்கோம்" என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். கரண்ட் கனெக்‌ஷனுக்கே வருஷக்கணக்காக நடந்த ஊர்கள் இங்கே உண்டு.

எங்கள் வீடும் அதில்தான் வருகிறது. தாத்தாவும் பாட்டியும் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்பா காலத்தில் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை கைக்கு வந்தது. அதற்கு ஒரு வெள்ளைத்தாள் எழுத்து உண்டு, பட்டா கிடையாது. நான் பொறியியல் படிக்கப் போனது 2011-ல். அப்போது வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் நான்கு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேண்டாம், பெற்றோர் ஒருவர் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். நான்கு லட்சத்தைத் தாண்டினால் வெளியாள் ஜாமீன், ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கடன் எல்லாம் நான்கு லட்சத்துக்கு உள்ளேயே நிற்கும். படிப்புச் செலவு எவ்வளவு என்பதை யாரும் பார்ப்பதில்லை, பட்டா இல்லாமல் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் பார்ப்போம். எனக்கு முதல் பட்டதாரி சலுகை இருந்ததால் டியூஷன் பீஸ் பெரும்பாலும் போய்விட்டது. ஹாஸ்டல், சாப்பாடு, மற்ற பீஸ்கள் எல்லாம் சேர்த்து வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம், நாலு வருஷத்துக்கு 3,60,000.

கையெழுத்துப் போட்டது அம்மா. அப்பாவின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் வேறு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது மாதிரி. அம்மாவுடையது எல்லாவற்றிலும் ஒரே பெயர். "அம்மாவையே போட்டுடலாம்" என்றார் வங்கியில் இருந்தவர். இணைக் கடன்தாரர் என்ற கட்டத்தில் அம்மா தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். அந்தக் கையெழுத்தால் என்ன வரும் என்று அங்கே யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

கணக்கு எப்படி எகிறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வாங்கினது மூணரை லட்சம், கேக்குறது அஞ்சு லட்சமா?" என்று எங்கள் பக்கம் சண்டை போடாத வீடு இல்லை. படிக்கிற காலம், அதற்கு அப்புறம் ஒரு வருஷம், தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், தனிவட்டியாக. முதல் வருஷம் வாங்கிய பணத்துக்கு ஐந்து வருஷ வட்டி, இரண்டாம் வருஷப் பணத்துக்கு நாலு வருஷம், இப்படி. பன்னிரண்டு சதவீதத்தில் என் கடனுக்கு அது மட்டுமே ஒன்றரை லட்சம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கால வட்டியை மத்திய அரசு கட்டும், 2009-10 முதல் அப்படி ஒரு மானியத் திட்டம் இருக்கிறது. எனக்குச் சில வருஷங்களுக்கு அது வந்தது, சில வருஷங்களுக்கு வரவில்லை. கடைசியில் தவணை தொடங்கும்போது நாலரை லட்சம் நின்றது. ஏழு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கோயம்புத்தூரில் என் முதல் சம்பளம் பதினோராயிரம். ஹாஸ்டலுக்கு நாலாயிரத்து எண்ணூறு. மிச்சத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இதில் ஒழுக்கம், பொறுப்பு என்றெல்லாம் பேசுகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. ஆறாயிரத்து இருநூறிலிருந்து எட்டாயிரம் எடுக்க முடியாது, அவ்வளவுதான். முடிந்த மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று கட்டினேன். வங்கிக் கணக்கில் அது அரைகுறை. பாக்கி 90 நாளைத் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். என்னுடையது 2017-ல் ஆனது.

கட்டாமல் விடுவதற்கு எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் கல்விக்கடன் தள்ளுபடி என்று வாக்குறுதி வரும். 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்தார்கள், எங்கள் தெருவிலேயே நகை திரும்பி வந்த வீடுகள் உண்டு. அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் போய்க் கல்விக்கடன் தள்ளுபடி ஆகாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கூட்டுறவு வங்கி மாநில அரசின் கைக்கு எட்டுவது. பொதுத்துறை வங்கியின் கடனை மாநில அரசு தள்ளுபடி செய்ய வேண்டுமானால் அந்தப் பணத்தைத் தானே கட்ட வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல், கையில் பணம் இருந்தும் கட்டாமல் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறேனா என்று காட்டும் மதிப்பெண், போனது எனக்குத் தெரியவே தெரியாது. நான் எந்தக் கடனுக்கும் போகவில்லையே. தெரிய வந்தது அம்மாவின் மகளிர் குழுவில்.

அம்மாவின் குழுவில் பன்னிரண்டு பேர். அங்கன்வாடித் திண்ணையில் கூடுவார்கள், ஆளுக்கு நூறு ரூபாய் சேமிப்பு, கையெழுத்து, அப்புறம் ஒரு கட்டன் சாயா. வங்கி இணைப்புக் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த வாரம் ஊக்குநர் பேரேட்டைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, உங்க பேர்ல ஏதோ லோன் நிக்குதாமே" என்றிருக்கிறார். அம்மா, "நான் ஒரு லோனும் வாங்கலையே" என்று சொன்னது பொய் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது மகளுடைய கடன். "ஒருத்தருக்கு சிபில் சரியில்லைன்னா மொத்தக் குழுவுக்கும் நிறுத்தி வெச்சிருவாங்களாம்" என்று ஊக்குநர் சொல்ல, அம்மாவே எழுந்து, "என் பெயரை எடுத்துவிட்டு மற்றவர்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பதினோரு பேருக்குக் கடன் வந்தது. அம்மா அதற்கு அப்புறமும் வாராவாரம் போய் நூறு ரூபாய் கட்டினார். அந்த வருஷம் வீட்டில் கவாத்து வெட்ட ஆள் கூலிக்குப் பணம் இல்லாமல் பாதித் தோட்டம் அப்படியே நின்றது.

பட்டா இல்லாத ஊரில் ஒரு பெண்ணுக்கு ஜாமீன் என்று இருப்பது அந்தக் குழுவும் அதில் அவருக்கு இருக்கும் பெயரும்தான். நிலத்தை அடகு வைக்க முடியாத குடும்பத்துக்கு சிபில் எண் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நகரத்தில் இருப்பவர்களுக்கு ஸ்கோர் குறைந்தால் வீட்டுக்கடனுக்கு அரை சதவீதம் வட்டி கூடும். எங்களுக்குக் கதவே மூடிவிடும், மிச்சம் இருப்பது மாதம் மூன்று சதவீத வட்டிக்காரர்கள்தான்.

கடன் அறிக்கையை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். சிபில் என்று எல்லோரும் சொல்வது கடன் பதிவுகளைத் திரட்டும் டிரான்ஸ்யூனியன் சிபில் நிறுவனத்தை. அதைப்போல ஈக்விபேக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நிறைய பேர் போனில் ஏதோ ஒரு ஆப்பில் வரும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எண்ணில் ஒன்றும் இல்லை, அறிக்கையின் உள்ளே இருக்கும் கட்டங்களில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒவ்வொரு கடன் கணக்குக்கும் கீழே மாத வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அந்த மாதம் எத்தனை நாள் பாக்கி என்பதுதான் அதில் உள்ள எண். ஒழுங்காகக் கட்டியிருந்தால் 000. ஒரு தவணை தவறினால் 030 போல ஏதாவது, அப்புறம் 060, 090. சில வங்கிகள் எண்ணுக்குப் பதில் எழுத்துப் போடும்: எஸ்டிடி என்றால் ஒழுங்கான கணக்கு, எஸ்யூபி என்றால் வாராக்கடனின் முதல் படி, டிபிடி என்றால் அதற்கும் மோசம், எல்எஸ்எஸ் என்றால் வங்கி நஷ்டமாகவே எழுதிவிட்டது. சிபில் அறிக்கையில் ஒரு கணக்குக்குக் கடைசி 36 மாதக் கட்டங்கள் தெரியும். புது மாதம் ஒன்று சேரும்போது பழையது ஒன்று வெளியே போகும். நான் இதைப் பார்த்ததும் என் மனதில் கணக்கு மாறிவிட்டது. ஸ்கோரை ஏற்றுவது எப்படி என்று யோசிப்பதை விட்டுவிட்டு, 36 கட்டத்திலும் 000 வரவைப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குக் கட்டம் ஓடுகிற ஒரு கணக்கு உயிரோடு இருக்க வேண்டும்.

இங்கேதான் லோக் அதாலத், அதாவது சமரசத்தில் முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றம், விஷயம் வருகிறது. வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது, மூன்று லட்சத்துச் சொச்சம் மொத்தமாகக் கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்று. கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். எங்கள் தெருவில் ஓர் அண்ணன் தன் கடனை அப்படித்தான் முடித்தார், ஏதோ பெரிய பாரம் இறங்கியது போல அன்றைக்குப் பிரியாணி எல்லாம் வாங்கி வந்தார். இரண்டு வருஷம் கழித்து பந்தலூர் ரூட்டில் ஓட்ட ஜீப் எடுக்கலாம் என்று பைனான்ஸுக்குப் போனபோது இல்லை என்றுவிட்டார்கள். கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று நின்றது. முழுப் பணமும் கட்டி முடித்த கணக்கு "குளோஸ்டு". குறைத்துக் கட்டி முடித்தது "செட்டில்டு". கடன் கொடுக்கிறவர் கண்ணுக்கு இரண்டாவது, பாதியில் கைவிட்ட கணக்கு. அந்தக் குறி ஏழு வருஷம் போல அறிக்கையில் கிடக்கும். வித்தியாசத் தொகையைப் பின்னால் கட்டி "குளோஸ்டு" என்று மாற்றித் தரச் சொல்லி வங்கியில் கேட்கலாம். அண்ணன் இப்போது அதற்குத்தான் அலைந்துகொண்டிருக்கிறார்.

அதற்காக செட்டில்மென்ட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வேலை இல்லை, உடம்பு முடியவில்லை, வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை என்றால், ஸ்கோரைப் பற்றிக் கவலைப்படும் நேரம் அது இல்லை. கிடைக்கிற தள்ளுபடியை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்குக் கொஞ்சம் சம்பளம் ஏறியிருந்தது, அம்மாவின் பெயரும் அந்தக் கணக்கில் இருந்தது. நான் செட்டில் செய்தால் அம்மாவும் செட்டில் செய்தவர் ஆகிவிடுவார். அதனால் மாட்டேன் என்றேன்.

மாட்டேன் என்றால் இன்னொரு வழி, பாக்கியை முழுதாகக் கட்டிக் கணக்கை மறுபடி ஒழுங்குக் கணக்காக மாற்றுவது. கொஞ்சம் கட்டினால் ஆகாது. வட்டியும் அசலுமாக நிலுவை மொத்தமும் கட்டினால்தான் வாராக்கடன் கணக்கை மேலே ஏற்றலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2020-ல் கொரோனாவுக்கு ஆறு மாதம் தவணை தள்ளிவைத்தார்கள் இல்லையா, அதுவும் ஒழுங்குக் கணக்குகளுக்கு மட்டும்தான். எங்களைப் போல ஏற்கெனவே விழுந்தவர்களுக்கு அது கிடையாது.

தவறிய தவணைகளின் நிலுவை மட்டும் மூன்று லட்சத்தைத் தொட்டிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் என் அண்ணன் இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தார். தள்ளியது போகக் கைக்கு வந்தது குறைவு. மீதிக்கு என் சேமிப்பும் அம்மாவின் சங்கிலியும். சங்கிலியை வங்கி நகைக்கடனில்தான் வைத்தோம், தெரிந்த சேட்டிடம் வைக்கவில்லை. நகைக்கடனும் கடன் அறிக்கையில் ஏறும். அதற்கும் கட்டம் ஓடும், ஒழுங்காகத் திருப்பினால் அதுவும் நமக்கு நல்ல பதிவு. இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அடகு வைப்பது என்று முடிவு செய்துவிட்டால், பதிவு ஏறுகிற இடத்தில் வையுங்கள்.

கணக்கு ஒழுங்கானதும் மாதத் தவணை ஓட ஆரம்பித்தது. அப்போது நான் கூடலூருக்கே திரும்பி ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஜிஎஸ்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி தவணை. சம்பளக்காரிக்கு இது சரி. ஆனால் அப்பாவைப் போலக் கொழுந்து பறித்துக் கொடுப்பவர்களுக்கு மாதத் தவணை என்பதே பொருந்தாத சட்டை. மழை பிடித்துக் கொழுந்து துளிர்க்கும் மாதங்களில் கையில் காசு புரளும். ஜனவரி, பிப்ரவரியில் செடி காய்ந்து நிற்கும், எடைபோட ஒன்றும் இருக்காது. ஃபேக்டரியும் இந்த மாத இலைக்குக் காசை அடுத்த மாதம்தான் போடும். கிலோவுக்கு என்ன விலை என்பதும் அப்போதுதான் தெரியும். 2023-ல் கோத்தகிரிப் பக்கம் படுகர் கிராமங்களில் பசுந்தேயிலைக்கு விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்களே, அந்தக் கோபத்துக்குப் பின்னால் இந்தத் தவணைத் தேதியும் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அப்பாவுக்கு ஒரு வேலை வைத்தேன். நல்ல மாதத்தில் வருகிற காசில் இரண்டு தவணைப் பணத்தை என் தவணைக் கணக்கிலேயே போட்டு வைத்துவிட வேண்டும், எடுக்கக் கூடாது. ஜனவரித் தவணை அதிலிருந்து போகும். முதல் வருஷம் அப்பா முணுமுணுத்தார், அப்புறம் பழகிவிட்டது.

தவணைக்கு ஆட்டோ டெபிட்தான் சரி. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் டவர் போகும், டவர் போனால் ஓடிபி வராது. தேவாலா மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது ஒரு மணி நேர விஷயம் இல்லை. கையில் பணம் இருந்தும் ஓடிபி வராததால் ஒரு 030 விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் ஆட்டோ டெபிட் போட்டுவிட்டுக் கணக்கில் பணம் இல்லாமல் வைத்தால் ரிட்டர்ன் சார்ஜ் வேறு பிடிப்பார்கள்.

2024-ல் கல்விக்கடன் முழுதாக முடிந்தது. பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். கடன் முடிந்ததும் ஸ்கோர் ஒரே தாவாகத் தாவும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். கணக்கு மூடியதும் கட்டமும் நின்றுவிடும். புதிதாக நல்ல பதிவு எங்கிருந்து வரும்? அதற்காகக் கடன் முடிவதற்கு முன்பே இன்னொரு சின்னக் கணக்கைத் தொடங்கியிருந்தேன். இருபதாயிரம் ரூபாய் பிக்சட் டெபாசிட் போட்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு. டெபாசிட் வங்கியிடமே இருப்பதால் ஸ்கோர் குறைவாக இருந்தாலும் கொடுப்பார்கள். அதில் நான் வாங்குவது கேஸ் சிலிண்டர், போன் ரீசார்ஜ், மாதம் ஒருமுறை அப்பாவின் மாத்திரை. வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக மாட்டேன். பில்லில் "மினிமம் டியூ" என்று கொழுத்த எழுத்தில் ஒரு சின்னத் தொகை இருக்கும், அதைத் தொடவே கூடாது. அதைக் கட்டினால் பதிவு ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் மீதிக்கு வருஷம் 36 முதல் 42 சதவீதம் வரை வட்டி ஓடும். கந்துவட்டிக்காரர்களிடமிருந்து தப்பித்து வந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அப்புறம் சும்மா சும்மா கடன் கேட்கக் கூடாது. பைக் வாங்கப் போனால் ஷோரூமில் ஒருவர் நம் பான் எண்ணை வாங்கி ஐந்து பைனான்ஸில் தட்டிவிடுவார். ஐந்தும் விசாரணை என்று அறிக்கையில் ஏறும், பார்க்கிறவர்கள் இவருக்குப் பண முடை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பது இதில் சேராது, தைரியமாகப் பார்க்கலாம்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் "சிபில் சரி செய்து தரப்படும்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களைப் பற்றி ஒரே வரி: உண்மையாக விழுந்த பதிவை யாராலும் அழிக்க முடியாது, தப்பாக விழுந்ததை நாமே இலவசமாக அழிக்கலாம்.

தப்பாக விழுவதும் நிறைய நடக்கிறது, அதிலும் எங்களைப் போன்றவர்களுக்கு. அம்மாவின் அறிக்கையை எடுத்தபோது என் கல்விக்கடனோடு இன்னொன்றும் இருந்தது, பாக்கியோடு நிற்கும் ஒரு மைக்ரோ பைனான்ஸ் கடன். அம்மா சத்தியம் செய்தார், தான் வாங்கவில்லை என்று. இந்தத் தடவை அது எல்லா விதத்திலும் உண்மை. அம்மாவின் பெயர் எங்கள் பகுதியில் எந்த எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போய்க் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். அந்தத் தலைமுறைக்குப் பிறந்த தேதி தெரியாது, அதனால் ஆதாரில் பாதிப்பேர் ஜனவரி 1-ல் பிறந்திருக்கிறார்கள். முகவரி என்று பார்த்தால் எஸ்டேட் பெயர், லைன் வீடு, பின்கோடு, எல்லோருக்கும் ஒன்று. முன்னெழுத்து சில அட்டைகளில் முன்னால், சிலதில் பின்னால், பான் கார்டில் விரித்து எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டது.

சிபில் தளத்தில் ஆட்சேபம் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்தக் கணக்கு, என்ன தவறு என்று குறித்து அனுப்பினால், அவர்கள் கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்பார்கள். 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து, அதைத் தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. நாங்கள் அந்த நிறுவனத்துக்கும் தனியாக எழுதினோம்: உங்களிடம் இருக்கும் வாக்காளர் அட்டை எண்ணையும் எங்களுடையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று. அந்த எண் வேறு. ஒரு மாதத்துக்குள் அந்தக் கடன் அம்மாவின் அறிக்கையிலிருந்து போய்விட்டது. உண்மையான அந்தப் பெண்மணி யார், அவர் கடன் என்ன ஆயிற்று என்று அம்மா இன்னும் அவ்வப்போது விசாரிப்பார்.

ஒரு காலத்தில் 540-ல் இருந்த என் ஸ்கோர் இப்போது 740-ஐத் தாண்டிவிட்டது. மொத்தம் 300-லிருந்து 900 வரை, 750-க்கு மேல் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஆபீசில் சொல்வார்கள். அம்மாவுடையது என்னுடையதைவிட மேலே போய்விட்டது, அவருக்கு வேறு கடனே இல்லையே. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்ப வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், முன்பெல்லாம் மாதம் ஒருமுறை. கட்டினது உடனே தெரிகிறது, விட்டதும் உடனே தெரிகிறது. இந்த எண் கடனுக்கு வெளியேயும் நீண்டுகொண்டு போகிறது. சிபில் பதிவு மோசம் என்று ஒரு பொதுத்துறை வங்கி வேலை நியமனத்தையே ரத்து செய்ததை 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரள உயர் நீதிமன்றம் 2023-ல், மாணவருக்கு சிபில் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கடன் வாங்கிப் படிக்கலாம், படித்துவிட்டு வேலைக்குப் போகும்போதுதான் கணக்குக் கேட்பார்கள் என்று ஆகிறது. வேலை கிடைக்காததால்தான் கட்டவில்லை என்பவன் எங்கே போவான் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த வருஷம் அண்ணன் மகள் நர்சிங் சேருகிறாள், தனியார் கல்லூரி. மறுபடியும் கல்விக்கடன், மறுபடியும் நாலு லட்சத்துக்குள். விண்ணப்பம் நிரப்புகிற வேலை என்னிடம் வந்தது. நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிடு. முதல் வருஷம் எண்பதாயிரம் வாங்கினால் பத்து சதவீதத்துக்கு மாதம் அறுநூற்று எழுபது ரூபாய் வரும். இப்படிக் கட்டினால் ஒரு சதவீதம் வட்டி குறைப்பும் கேட்கலாம், திட்டத்திலேயே அது இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும், முதல் வருஷ வட்டி அதிலேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"அந்த ஆயிரம் என் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அத்தை" என்றாள்.

நியாயம்தான். அண்ணன் வட்டியைத் தான் கட்டுவதாகச் சொன்னார். அண்ணனின் வாக்கு நல்ல வாக்குதான், ஆனாலும் ஆட்டோ டெபிட்டை என் கணக்கில் போட்டுவிட்டேன், அவர் எனக்கு அனுப்பட்டும். இணைக் கடன்தாரராக அண்ணனே கையெழுத்துப் போட்டார். பேத்திக்காகத் தானும் போடுகிறேன் என்று அம்மா நின்றார். வேண்டாம் என்றோம். குழுவுக்கு அடுத்த இணைப்புக் கடன் வரப்போகிறது, கவாத்து மெஷினுக்கு அதில்தான் எழுதியிருக்கிறார்.